நாரியில் நெட்டி முறித்தால் கால்வலி போகுமா?

கேள்வி: நாங்கள் விசுவமடுப் பக்கம். என் கணவருக்கு 44 வயது. வயல்தான் தொழில், சொந்தமாக ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் ஓடுகிறார். இரண்டாம் உரம் போடுகிற நேரம் யூரியா மூட்டையைத் தூக்கித் திரும்பும்போது நாரியில் 'டக்' என்று ஒரு பிடிப்பு. இரண்டு நாளில் நாரி கொஞ்சம் சுகமாகி, வலி இடது குண்டியிலிருந்து தொடைக்குப் பின்னால் இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தால் பெருவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடுகிறது. ஐந்து கிழமையாகிறது. தும்மினால் கத்துகிறார். கதிரையில் இருக்க முடியவில்லை, நின்றால் பரவாயில்லை. தனியார் டிஸ்பென்சரியில் போட்ட ஊசி இரண்டு நாளைக்குக் கேட்டது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் தனக்கும் இப்படி வந்து, கைரோபிராக்டர் நாரியை முறித்துவிட்டுத்தான் சுகமானது என்கிறா. காசு அனுப்புகிறேன், கொழும்பில் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போ என்கிறா. மாமியோ எண்ணெய் பூசி இழுத்துவிட்டால் போதும் என்கிறா. இவருக்கு 2009இல் பட்ட ஷெல் பீஸ் ஒன்று இடுப்புப் பக்கம் இன்னும் உள்ளே இருக்கிறது. அது நகர்ந்துதான் நரம்பை வெட்டுகிறதோ என்று பயப்படுகிறார். ஒபரேசன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்றும் ஊரில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இயன்மருத்துவரின் (பிசியோ) பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வலி எங்கே தொடங்கி, எந்தப் பக்கத்தால் இறங்கி, எந்த விரலில் போய் நிற்கிறது என்று அவ்வளவையும் எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் "கால் முழுக்க நோகுது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், மிச்சத்தை நாங்கள்தான் கிண்டிக் கிண்டிக் கேட்கவேண்டும். பெருவிரல் என்று நீங்கள் எழுதியது எனக்கு நிறையச் சொல்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், இதை வாசித்த கையோடு அவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். சலம் போவதில் மாற்றம் இருக்கிறதா? முட்டிக்கொண்டு போகாமல் நிற்கிறதா, அல்லது தெரியாமலே போய்விடுகிறதா? மலத்தை அடக்க முடிகிறதா? சைக்கிள் சீற்றில் படுகிற இடம் மரத்துப்போயிருக்கிறதா, கழுவும்போது கை படுவது தெரிகிறதா? வலி இப்போது இரண்டு காலுக்கும் வந்துவிட்டதா? ஆண்கள் இதையெல்லாம் மனைவியிடம்கூடச் சொல்ல வெட்கப்படுவார்கள், ஆகவே சுற்றி வளைக்காமல் கேளுங்கள். இதில் ஒன்றுக்கு அவர் "ஓம்" என்றால் கைரோபிராக்டரும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம், விடியட்டும் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 1990க்கு அடித்து அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முள்ளந்தண்டின் அடியில் தொங்குகிற நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அடையாளம் அது. அங்கே தாமதித்தால் சலப்பை பழையபடி வேலை செய்யாமலே போகலாம்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால், அவரை முற்றத்துக்குக் கூட்டி வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குதிக்காலால் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து இரண்டு முன்பாதமும் ஒரே உயரத்துக்கு எழும்புகிறதா என்று பாருங்கள். அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பெருவிரலையும் தன் முகத்தைப் பார்க்க நிமிர்த்தச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்துங்கள். வலது விரல் உங்களோடு மல்லுக்கட்டி நிற்க இடது விரல் சும்மா மடங்கிப்போனால், நரம்பு பலம் இழந்திருக்கிறது. சற்றுக் குறைவுதான் என்றால் இந்தக் கிழமைக்குள் டொக்டரைக் காணுங்கள். நடக்கும்போது பாதம் இழுபடுகிறது, இடது செருப்பின் நுனி மட்டும் தேய்கிறது, செருப்பு கழன்றது தெரியாமலே நாலு அடி போய்விடுகிறார் என்றால் அன்றைக்கே போகவேண்டும். வலி கூடுகிறதா குறைகிறதா என்பதைவிட இந்தப் பெருவிரலின் பலம்தான் எனக்கு முக்கியம். கத்துகிற வலியோடு வருகிறவர் பலமான காலோடு இருந்தால் நான் அவ்வளவு பதறுவதில்லை. "இப்ப வலி குறைஞ்சிட்டுது, ஆனால் பாதம் தூக்கேலாமல் கிடக்கு" என்று சிரித்துக்கொண்டு வருகிறவரைக் கண்டால்தான் பதறுவேன்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இடுப்பு நரம்பு, அதாவது சயாட்டிக் நரம்பு, உடம்பிலேயே மிகத் தடித்த நரம்பு. நாரியின் கடைசி இரண்டு முள்ளெலும்பு மட்டத்திலும் அதற்குக் கீழே திருவெலும்பிலும் இருந்து ஐந்து வேர்கள் வந்து சேர்ந்து அது உருவாகிறது. குண்டிச் சதைக்கு அடியால் இறங்கி, தொடையின் பின்பக்கத்தால் வந்து, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. நோகிற இடம் கால், பிழை இருக்கிற இடம் அநேகமாக நாரி. அதனால்தான் கெண்டைக்காலில் எவ்வளவு தைலம் தேய்த்தாலும் கேட்பதில்லை. ஐந்து வேரில் எது சிக்கியிருக்கிறது என்பதை வலி போகிற பாதையே காட்டிக்கொடுக்கும். கெண்டைக்காலின் பின்பக்கத்தால் போய்ச் சின்னவிரல் பக்கம் முடிந்தால் ஒரு வேர். உங்கள் கணவருக்கு நடப்பதுபோல் வெளிப்பக்கத்தால் பெருவிரலுக்கு வந்தால் அதற்கு மேலே உள்ள வேர், நாரியின் ஐந்தாவது. அதை நெரிப்பது பெரும்பாலும் நாலாம் ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க். பாரத்தைத் தூக்கினபடி நாரியைத் திருப்பியது, தும்மினால் உயிர் போவது, இருந்தால் கூடி நின்றால் குறைவது, எல்லாம் அந்தப் பக்கமே கையை நீட்டுகின்றன. ஆளைக் காணாமல் இதுதான் என்று முடிவு கட்ட மாட்டேன். ஆனால் கதை பொருந்துகிறது.

டிஸ்க் என்பது வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே களி போன்ற பொருளும் உள்ள ஒரு மெத்தை. சைக்கிள் டயர் கிழிந்த இடத்தால் டியூப் புடைத்து வருமே, அதுபோல வளையம் வெடித்த இடத்தால் உள்ளே இருப்பது பிதுங்குகிறது. ஆனால் டியூப் தானாக உள்ளே போகாது, உடம்பு அப்படியில்லை. பிதுங்கி வெளியே வந்த துண்டை வேண்டாத பொருளாகக் கருதி, இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பெரிதாகப் பிதுங்கியதுதான் இப்படி நன்றாகச் சுருங்குகிறது என்பது இன்னொரு விசித்திரம். வலிக்குக் காரணமும் வெறும் நெரிவு மட்டுமல்ல. அந்தக் களியிலுள்ள இரசாயனங்கள் நரம்பு வேரைப் புண்ணாக்கி வீங்க வைக்கின்றன. வீக்கம் வற்ற வற்ற வலியும் இறங்கும். அதற்குக் கிழமைக் கணக்கில் காலம் எடுக்கும், ஆறிலிருந்து பன்னிரண்டு கிழமை என்பது சாதாரணம். உங்கள் கணவர் அந்தக் கணக்கின் நடுவழியில் நிற்கிறார்.

ஷெல் பீஸ் விசயத்துக்கு வருகிறேன். வன்னியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதாமல் நாரிவலியைப் பற்றி எழுத முடியாது. உள்ளே தங்கிவிட்ட இரும்புத் துண்டைச் சுற்றி உடம்பு நாராலான ஓர் உறையைக் கட்டிவிடும். இத்தனை வருசம் இருந்த இடத்திலேயே இருந்த துண்டு, உரமூட்டை தூக்கின அன்றைக்குத் திடீரென்று புறப்பட்டு நரம்பை வெட்டுவது மிக மிக அரிது. ஆனால் அது இருக்கிற இடம் முக்கியம். முள்ளெலும்புக் கால்வாயை ஒட்டி இருக்கிறதா, குண்டியில் நரம்பு வெளியே வருகிற துவாரத்துக்குக் கிட்ட இருக்கிறதா, அல்லது வெறும் சதைக்குள் இருக்கிறதா என்பதைச் சாதாரண எக்ஸ்ரே, நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுத்தாலே பெருமளவு காட்டிவிடும். வீட்டில் ஒன்று பார்க்கலாம். பழைய காயத் தழும்பை விரல் நுனியால் தட்டுங்கள். தட்டும்போது அதே கரண்ட் காலுக்கு ஓடினால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை, குனிந்தால்தான், தும்மினால்தான் ஓடுகிறது என்றால் பீஸை விட்டுவிட்டு டிஸ்கைத்தான் சந்தேகிப்பேன்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கான் என்பது மிகப் பலமான காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது இழுபடலாம், சூடேறலாம். கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குக் கிட்ட, பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் பெரும் ஆபத்து. ஸ்கான் அறைக்குள் போகுமுன் படிவத்தில் கேட்பார்கள். "சின்னத் துண்டுதானே, சொன்னால் எடுக்கமாட்டார்கள்" என்று சிலர் மறைக்கிறார்கள். எப்படிப் பட்டது, எங்கே பட்டது, அப்போது நீ யார் என்று கேள்வி வரும் என்ற பயத்திலும் சிலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் ஸ்கான் எடுப்பவருக்கு வேண்டியது கதை அல்ல, இடம். "உடம்பில் இரும்பு இருக்கு, இந்த இடத்தில்" என்றால் போதும். எக்ஸ்ரேயைப் பார்த்து எம்ஆர்ஐ எடுக்கலாமா, அல்லது சிரி (CT) ஸ்கான் போதுமா என்று கதிரியக்க வைத்தியர் முடிவு செய்வார்.

சரி, மச்சாளின் கைரோபிராக்டர்.

அவ பொய் சொல்லவில்லை. முள்ளெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருகிச் செய்கிற சிகிச்சையான கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டவன்போர்ட் என்ற ஊரில் தொடங்கியது. டி. டி. பாமர் என்பவர், தன் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லிலார்ட் என்பவரின் முதுகெலும்பை அழுத்திவிட்டதாகவும், அவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் சொன்னார். நோய்களில் 95 சதவீதம் முள்ளெலும்பு விலகலால் வருகிறது என்றும் எழுதினார். அந்தக் கொள்கைக்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. ஆனால் தொழில் அந்த இடத்தில் நிற்கவில்லை. ரொறன்ரோவில் 1945 முதல் அதற்கென்றே கல்லூரி இருக்கிறது. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரோடு தொழில் செய்யலாம். நல்ல கைரோபிராக்டர் அங்கே முதலில் உங்கள் பெருவிரலைச் சோதிப்பார், முழங்காலிலும் குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாணிலும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், ஆபத்தான அறிகுறி இருந்தால் கையே வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார், முறித்ததோடு விடாமல் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுப்பார். மச்சாள் கண்டது அப்படிப்பட்ட ஒருவரையாக இருக்கலாம்.

அந்த 'மடக்' சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆட்கள் காசு கொடுப்பதே அதற்குத்தான். விலகின எலும்பு இடத்தில் போய் விழுகிற சத்தம் என்று நினைக்கிறார்கள். இல்லை. விரலில் நெட்டி முறிக்கிற அதே சத்தம்தான். எலும்பு மூட்டு இழுபடும்போது உள்ளேயிருக்கிற பசைத் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழ் போன்ற வெற்றிடம் உண்டாகிறது. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2015இல் விரலை எம்ஆர்ஐக்குள் வைத்து இழுத்து இதைப் படமே பிடித்துவிட்டார்கள். பிதுங்கின டிஸ்கை எந்தக் கையாலும் வெளியிலிருந்து உள்ளே தள்ள முடியாது. சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்றும் இல்லை, வரவில்லை என்றால் பலனில்லை என்றும் இல்லை.

அப்படியென்றால் முறித்ததும் சுகமாக இருக்கிறதே, அது எப்படி? சடுதியாக மூட்டு அசையும்போது சுற்றியுள்ள தசையின் இறுக்கம் தளர்கிறது, மூளை வலியை உணர்கிற விதமும் கொஞ்ச நேரத்துக்கு மாறுகிறது. சும்மா நாரிப்பிடிப்புக்கு இது மற்ற நல்ல சிகிச்சைகள் அளவுக்குப் பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன, அவற்றைவிடக் கூட இல்லை. காலுக்கு இறங்கும் வலிக்கு ஆதாரம் அதைவிட மெலிவு. இத்தாலியில் 102 பேரிடம் செய்து 2006இல் வெளியான ஒரு பரிசோதனையில், செய்வதுபோல் பாசாங்காக அழுத்தியதைவிட உண்மையான முறிப்பு வலியைக் கூடுதலாகக் குறைத்தது. ஆக, வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடவும் மாட்டேன். பிரித்தானியாவில் சிகிச்சைகளை மதிப்பிடுகிற 'நைஸ்' நிறுவனத்தின் வழிகாட்டல் இதைத் தனியாகச் செய்யவேண்டாம், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்வதென்றால் மட்டும் யோசிக்கலாம் என்கிறது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இன்னொன்று, மச்சாள் போய்வந்த அந்தக் கிழமைகளில் அவவின் உடம்பும் சும்மா இருந்திருக்காது. எது சுகப்படுத்தியது என்று அவவாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

ஆனால் உங்கள் கணவருக்கு இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். இடம் தெரியாத இரும்புத் துண்டு இடுப்பில் இருக்கிறது, எக்ஸ்ரே இல்லை, நரம்பின் பலத்தை யாரும் சோதிக்கவில்லை. இந்த நிலையில் நாரியைத் திருகவிடக் கூடாது. கால் பலம் குறைகிறவர், எலும்பு தேய்ந்தவர், புற்றுநோய் இருந்தவர், காய்ச்சலோடு முதுகுவலி உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுக்கிறவர் எல்லோருக்கும் இதே பேச்சுத்தான். முறித்த பிறகு நரம்புக் கற்றை நசுங்கி அவசர ஒபரேசனுக்குப் போனவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

அதோடு நம் நாட்டு நிலைமை வேறு. அரசாங்க ஆஸ்பத்திரியில் கைரோபிராக்டர் என்று ஒரு பதவி கிடையாது. போர்ட் போட்டிருப்பவர்களில் வெளிநாட்டில் முறையாகப் படித்தவரும் இருக்கலாம், யூடியூப் பார்த்துப் படித்தவரும் இருக்கலாம். பிறகு ஒருநாள் போவதென்றாலும், எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முதல் நாளே பத்துத் தடவைக்குக் காசு கட்டச் சொன்னால் எழும்பி வாருங்கள். நாரிவலிக்குப் போனவரின் கழுத்தைப் பிடித்துத் திருப்ப வந்தால் கையைத் தட்டிவிடுங்கள். கழுத்தைச் சடுதியாகத் திருகுவதால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இதையெல்லாம்விட, 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் குந்தியிருந்து கொழும்புக்குப் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். கதிரையில் இருக்க முடியாத மனிதர். முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்கும்போதே அவர் நிமிர மாட்டார்.

மாமியின் எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. இதமான சூட்டில் எண்ணெய் பூசி, இறுகிக் கிடக்கிற நாரிச் சதையை மெதுவாக உருவிவிட்டால் அவருக்கு நித்திரை வரும். அது பெரிய விசயம். ஆனால் காலைப் பிடித்து இழுப்பது, முழங்கையால் குண்டியில் குத்துவது, காலால் பிறந்த ஆளைக் கூப்பிட்டு நாரியில் மிதிக்க வைப்பது இதெல்லாம் வேண்டாம். புண்ணாகியிருக்கிற நரம்பை இழுத்தால் அது இன்னும் கோபப்படும். மரத்துப்போன காலில் சூடான மண்ணோ செங்கலோ ஒத்தடம் வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்து, அந்தப் புண்ணோடு வருகிறவர்களும் உண்டு, அதிலும் நீரிழிவு இருந்தால் சொல்லவே வேண்டாம். அவர் கடைசியாக எப்போது சீனி சோதித்தார்?

இனி வீட்டில் செய்யவேண்டியது. முதல் விசயம், கட்டிலோடு கிடக்கக் கூடாது. நெதர்லாந்தில் காலுக்கு இறங்கும் வலியுள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை இரண்டு கிழமை படுக்க வைத்தார்கள், மற்றப் பகுதியை இயன்றளவு நடமாட விட்டார்கள். 1999இல் வெளியான முடிவு, பன்னிரண்டாம் கிழமையில் இரண்டு பகுதியிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுக்கை ஒன்றும் கூட்டித் தரவில்லை. வயல் வேலை செய்கிறவன் படுத்தால் சதை வற்றுவதுதான் மிச்சம். ஆகவே காலையிலும் பின்னேரமும், இடையிலும், ஐந்து பத்து நிமிசம் வளவுக்குள் நடக்கட்டும். ஒரேயடியாக அரை மணித்தியாலம் வேண்டாம், பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக. வலி தாங்காத நேரம் பாயில் மல்லாந்து, கெண்டைக்கால் இரண்டையும் கதிரையின் மேல் போட்டுக்கொண்டு பத்து நிமிசம் படுக்கட்டும்.

அடுத்தது குப்புறப் படுப்பது. இதற்கு ஒரு கதை உண்டு. நியூசிலாந்தில், 1956இல், ரொபின் மக்கென்சி என்ற பிசியோ ஒருவர், நாரியிலிருந்து காலுக்கு வலி இறங்கின நோயாளி ஒருவரைப் போய்க் கட்டிலில் குப்புறப் படுங்கோ என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். முன்பு வந்தவருக்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த மனிதர் நாரி பின்னுக்கு வளைந்தபடி அப்படியே கிடந்தார். இவர் பதறிக்கொண்டு ஓடிவந்து கேட்டால், கால்வலி போய்விட்டது என்றாராம். அங்கிருந்து ஒரு சிகிச்சை முறையே வளர்ந்தது. எல்லோருக்கும் சரிவராது, ஆனால் குனிந்தால் கூடுகிற வலிக்குப் பலருக்குச் சரிவரும்.

உங்கள் கணவர் இப்படித் தொடங்கட்டும். பாயில் குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிசம். பொறுக்க முடிந்தால் முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தி, நாரியைத் தளர விட்டு இன்னும் ஒரு நிமிசம். செய்யும்போது வலி எங்கே போகிறது என்று கவனிக்கவேண்டும். பெருவிரலில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு ஏறுகிறது, பிறகு தொடைக்கு, பிறகு குண்டிக்கு வருகிறது, ஆனால் நாரி முன்னையைவிட நோகிறது என்றால், பயப்படாதீர்கள், அது நல்லது. "பிசியோ சொன்னதைச் செய்து நாரிவலியும் வந்திட்டுது" என்று இந்த இடத்தில்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். மேலே ஏறுகிற வலி போகிற வலி. மாறாக, செய்யச் செய்ய வலி கீழே இறங்கினால், அல்லது விறைப்பு கூடினால், உடனே நிறுத்துங்கள். அந்தப் பயிற்சி அவருக்கு இல்லை.

மற்றபடி, குந்துகிற மலசலகூடம் இப்போதைக்கு அவருக்கு எதிரி. மேலே வைக்கிற கொமட் கதிரை ஒன்று எடுங்கள். மலச்சிக்கலாகி முக்கினால் தும்மலைப் போலவே நரம்பில் அடிக்கும், பழமும் கீரையும் தண்ணியும் கூடட்டும். கிறவல் றோட்டில் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிய வேண்டாம். லான்ட்மாஸ்டரைப் பூட்டித் திறப்பைக் கொஞ்ச நாளைக்கு நீங்கள் வைத்திருங்கள். அந்த அதிர்வும், பெட்டிப் பலகையில் குனிந்து இருந்து கைபிடியை இழுத்துத் திருப்புவதும் டிஸ்குக்கு நல்லதல்ல. நாரி பெல்ட் கட்டுவதென்றால் வெளியே போகிற நேரம் மட்டும்.

ஊசியும் மாத்திரையும் பற்றி ஒரு எச்சரிக்கை. டைக்ளோபெனாக் போன்ற வலிநிவாரணிகள் கொஞ்ச நாளைக்கு உதவும், ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் விவசாயிகளுக்குக் காரணம் தெளிவாகாத சிறுநீரக வருத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்துவிட்டு, கடையில் வாங்கின குளிசையையும் போட்டுக்கொண்டு திரிந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியட்டினின் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்யாமல் இனி அந்த ஊசி வேண்டாம். பிரிகாபலின் என்ற நரம்பு மாத்திரை தருவார்கள். 2017இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் சயாட்டிக் வலிக்கு அது வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக உதவவில்லை, தலைச்சுற்று மட்டும் கூடியது. ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் டொக்டரோடு கதைத்துக் குறையுங்கள்.

வயலில் இறங்கியவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்கால் இரண்டும் நொந்து, கூடவே காய்ச்சலும், கண் சிவப்பும், சலம் குறைவும் இருந்தால் அது நாரியே அல்ல, எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஸ்கான் இப்போதே வேண்டுமா என்றால், கால் பலமாக இருக்கும்வரை அவசரமில்லை. நாற்பது வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கான் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் புடைத்திருக்கும். படத்தில் 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு, அதுவரை நடந்து திரிந்தவர்களும் படுத்துவிடுகிறார்கள். ஒபரேசனை முடிவு செய்கிற நேரம்தான் அந்தப் படம் உண்மையில் உதவும்.

ஒபரேசனால் கால் விளங்காமல் போகும் என்பது பழைய பயம். கால் விளங்காமல் போகிறது என்றபடியால்தான் பலருக்கு ஒபரேசன் செய்வதே. பிதுங்கின துண்டைச் சிறு கீறலால் எடுத்துவிடும் இந்தச் சிகிச்சை கால்வலியைச் சீக்கிரமாகவே குறைக்கும். நெதர்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்த, 2007இல் வெளியான ஆய்வில், நேரத்தோடு ஒபரேசன் செய்தவர்கள் விரைவாகத் தேறினார்கள், ஆனால் ஒரு வருட முடிவில் பொறுத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். பொறுத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் இடையில் தாங்கமாட்டாமல் ஒபரேசனுக்குப் போனதும் உண்மை. ஆகவே பலம் குறையாதவரை தெரிவு உங்கள் கணவருடையது. இன்னும் ஒரு மாதம் போயும் இரவில் நித்திரை இல்லை என்றால் சத்திரசிகிச்சை நிபுணரைக் காண்பதில் வெட்கமோ தோல்வியோ இல்லை.

இந்தக் கிழமையே தருமபுரம் ஆஸ்பத்திரியிலோ, நேராகக் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலோ காட்டுங்கள். எக்ஸ்ரே, சீனி, கிரியட்டினின் மூன்றையும் கேளுங்கள், பிசியோவுக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கே இவை எல்லாம் இலவசம். மச்சாள் அனுப்புகிற காசை வேண்டாம் என்று சொல்லவேண்டாம். கொமட் கதிரைக்கும், கார் பிடித்துக் கிளினிக்குக்குப் போய்வரவும், அறுவடை வரைக்கும் வயலுக்கு ஒரு கூலியாள் பிடிக்கவும் அது உதவும். மூட்டை தூக்கப் பயந்தால் அவர் வேலைக்குத் திரும்பவே மாட்டார், ஆகவே அதையும் பிறகு படிப்படியாகப் பழக்கவேண்டும். 50 கிலோ மூட்டையை வரம்பில் வைத்தே இரண்டு சாக்காகப் பிரித்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, நாரியைத் திருப்பாமல் காலை எடுத்துவைத்துத் திரும்புவதில் தொடங்கலாம். காயம்பட்ட காலத்து எக்ஸ்ரேயோ ஆஸ்பத்திரித் துண்டோ ஏதாவது தப்பியிருந்தால் கிளினிக்குக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வாருங்கள், பீஸ் அன்றைக்கு இருந்த இடத்தையும் இன்றைக்கு இருக்கிற இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.